அத்தை வீட்டுப் பெட்டிகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் பந்துக்களுக்கெல்லாம் உபாத்தியாயருடைய ஞாபகம் வந்துவிடுகிறது. அதிலும் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிற உபாத்தியாயராக இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. மின்சார விசிறி முனகினாலும் சரி, கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்க மறுத்தாலும் சரி, "அவன் சும்மாத்தானே இருக்கிறான், வரச் சொல்லு" என்று ஆக்ஞை பிறந்துவிடும். பௌதிக சாஸ்திரத்துக்கும் கிணற்று மோட்டாருக்கும் உள்ள சம்பந்தம், வியாகரணத்துக்கும் ஊர்ச் சண்டைக்கும் உள்ள சம்பந்தந்தான் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் நம்புவதாயில்லை.

இந்த வருஷத்து ஆக்ஞை திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்தது. அனுப்பியவர் என் அத்தை. அவருக்கு வயது 78. பழைய வீட்டை விற்றுவிட்டு, அதே ஊரில் அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறை கொண்ட வீட்டுக்குக் குடி போவதென்று முடிவாகியிருந்தது. பாத்திரம் பண்டங்களில் பாதிக்கு மேல் பெண்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் போயாகிவிட்டது.

"மாமாவின் பெட்டி இரண்டும் பாக்கி. காயலான் கடைக்காரன் ஜோடி முந்நூறு ரூபாய்க்குக் கேட்கிறான். அது பாடுமா, பாடாதா என்று நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. பாடாதென்றால் எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று டெலிபோனில் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கூவினார் என்பது பொருத்தமாயிருக்கும். இரண்டு வருஷமாக அத்தை காதில் கருவி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மேற்படி பெட்டிகளின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டியது அவசியம். மாமா 1969-ஆம் வருஷம் எஞ்சினீயரிங் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். 1974-ல் திரும்பி வந்தார். வரும்போது மிக்ஸி ஒன்று வாங்கி வரும்படி அத்தை கடிதம் எழுதியிருந்தார். கப்பலில் வந்து சேர்ந்ததோ, ஆளுக்கு இடுப்புயரம் வருகிற இரண்டு மரப் பெட்டிகள். மிக்ஸி எங்கே என்று அத்தை கேட்டதற்கு, "அந்த ஊர் மின்சாரம் 110 வோல்ட்; நம் ஊரில் 230. அந்த மிக்ஸியை இங்கே மாட்டினால் எரிந்துபோய்விடும். ஒலிபெருக்கிக்கு மட்டும் எந்த ஊர் வோல்ட்டானாலும் ஒன்றுதான்" என்று மாமா பதில் சொன்னாராம். விஞ்ஞான ரீதியில் இந்தப் பதிலில் ஒரு குறையும் கிடையாது. இருந்தும் அத்தை அதை ஐம்பது வருஷமாக ஒப்புக்கொள்ளவில்லை.

பெட்டிகளைச் செய்த கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதன் குமிழ்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் போய்ப் பார்த்தபோது ஒரு பெட்டியின் தலைமேல் ஊறுகாய் ஜாடியும், மற்றொன்றின் தலைமேல் 2009-ல் காலமான மாமாவின் படமும் இருந்தன. முன்புறத்துத் துணி டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு பெட்டியின் அடி மூலை ஈரம் குடித்து உப்பியிருந்தது. துணிச் சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தேன். உள்ளே பத்தங்குல அகலமுள்ள காகிதக் கூம்பு ஒன்று. ஊஃபர் என்கிறார்களே, அதுதான். அதற்கு மேலே ட்வீட்டர் என்னும் சிறிய ஒலிபெருக்கி. கனத்த ஒலிகளையெல்லாம் பெரியது பார்த்துக்கொள்ளும். கீச்சொலிகள் சின்னதன் பங்கு. பெரிய கூம்பைச் சுற்றி, அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நுரை வளையம் இருக்க வேண்டும். இரண்டு பெட்டியிலும் அதைக் காணவில்லை. சட்டத்தின் அடியில் கறுப்புப் பொடியாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் பாகு பதம் தவறிய வெல்லம்போல் விரலில் ஒட்டிக்கொண்டது.

"போய்விட்டதா?" என்றார் அத்தை.

"வளையம் போய்விட்டது. பெட்டி போகவில்லை" என்றேன்.

இங்கே வாசகர்களுக்குக் கொஞ்சம் பாடம் நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒலிபெருக்கியில் இருப்பதெல்லாம் ஒரு காந்தம், அதன் இடுக்கில் தொங்கும் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு, அவ்வளவுதான். சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. காற்று நம் செவியைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் இந்த அமைப்பைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் உடற்கூறு அதுதான். ஆனால் கூம்பு நினைத்த மட்டும் ஓடிவிடக் கூடாது. தள்ளினால் திரும்பி வர வேண்டும். திருப்பி இழுப்பதற்கு ஒரு வில் தேவை. அந்தக் காலத்தில் கூம்பின் விளிம்பையும் அடிப்புறத்துத் தாங்கியையும் விறைப்பாகச் செய்து, அவற்றையே வில்லாக வைத்துக்கொண்டார்கள். இந்த வில்லில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. சிறிது தூரம் இழுத்தால் ஒரு மாதிரியும், அதிக தூரம் இழுத்தால் வேறு மாதிரியும் முரண்டு பிடிக்கும். அதனால் தம்பூரா, மிருதங்கம் போன்றவற்றின் அடிநாதம் திரிந்து போகும். நல்ல அடிநாதம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டுபிடித்தவரும் ஓர் உபாத்தியாயர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. எட்கர் வில்ச்சர் என்பது அவர் பெயர், 1917-ல் பிறந்தவர். கல்லூரியில் அவர் படித்தது கலைச் சரித்திரம். யுத்த காலத்தில் ராணுவத்தில் ரேடியோ முதலிய சாதனங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். யுத்தம் முடிந்ததும் நியூயார்க்கில் ஒரு ரேடியோக் கடை வைத்தார். அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் ஒலிப்பதிவைப் பற்றி வகுப்பும் எடுத்தார். அவருக்குத் தோன்றிய யோசனை இதுதான்: விளிம்பிலுள்ள வில்லைத் தளர்த்திவிடு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடு, உள்ளே அடைபட்ட காற்றே வில்லாக இருக்கட்டும். காற்று முரண்டு பிடிக்காது. எவ்வளவு தள்ளினாயோ அவ்வளவுக்குத் திருப்பித் தள்ளும்.

முதல் மாதிரியைச் செய்தபோது, தளர்ந்த விளிம்புக்கு ஏற்ற பொருள் கடையில் கிடைக்கவில்லை. அவர் மனைவி மெத்தை உறைத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் நுரையிலும் ரப்பரிலும் செய்த அந்த வளையத்துக்கு மூதாதை, ஒரு வீட்டுத் தையல் வேலை. 1954-ல் தம் மாணாக்கரான ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து மாஸசூஸெட்ஸ் மாகாணத்து கேம்பிரிட்ஜ் நகரில் ‘அக்கூஸ்டிக் ரிஸர்ச்’ என்ற கம்பெனியை வில்ச்சர் ஆரம்பித்தார். புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள பெட்டியிலிருந்து பீரோவின் நாதம் புறப்பட்டது. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்தக் கம்பெனியார் வாத்தியக் கோஷ்டியை மேடையில் உட்கார வைத்து, நடுநடுவே வில்லை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் பாட விட்டார்கள். எது வாத்தியம், எது பெட்டி என்று சபையில் பலருக்குத் தெரியாமல் போயிற்றாம்.

வில்ச்சருக்கு 1956-ல் இதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. போட்டிக் கம்பெனி ஒன்று அதை எதிர்த்து வழக்காடியது. ஏறக்குறைய இதே மாதிரி யோசனைக்கு ஆல்ஸன் என்பவர் 1949-லேயே பேடண்ட் வாங்கியிருந்தார். உரிமை செல்லாது என்று ஆயிற்று. வில்ச்சர் மேல் கோர்ட்டுக்குப் போகவில்லை. தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆகவே, இந்த விதத்தில் பெட்டி செய்ய யாருக்கும் தடையில்லாமல் போயிற்று. மாமா வாங்கி வந்ததும் அப்படி வேறொரு கம்பெனி செய்த பெட்டிகள்தாம்.

நிற்க. அத்தை வீட்டுக் கூடத்துக்குத் திரும்புவோம்.

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். அந்த நுரை வளையம் அலங்காரமல்ல. பெட்டிக்குக் காற்றுக் காவல். பாலியூரிதேன் நுரை பதினைந்து இருபது வருஷத்தில் காற்றின் ஈரத்தால் தானாகவே சிதைந்துவிடும். பெட்டி பாடினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, அதன் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் அதோடு மற்றவையும் செத்துவிட்டன என்று நினைப்பது தவறு. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு சுருளில் 6 ஓம். மற்றதில் அதற்குச் சற்றுக் கூட. பின்புறத்தில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டர் ஆறோ ஏழோதான் காட்டும்; அது வியாதியல்ல, ஆரோக்கியம். டார்ச் விளக்கின் ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு கூம்பும் ‘படக்’ என்று உயிர் காட்டின. காந்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. காகிதமும் நன்றாகவே இருந்தது.

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய், வளையமும் பசையும் கேட்டேன். ஒரு கடைக்காரர் கூம்பின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஸார், இதைப் போய் ரிப்பேர் செய்வார்களா? புது ஊஃபர் ரெண்டு தருகிறேன். அதே ஓட்டையில் மாட்டிவிடுங்கள். பழசைவிடப் பிரமாதமாக அடிக்கும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் இங்கேதான் பழுது பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். பெட்டியின் கொள்ளளவும் கூம்பின் தளர்ச்சியும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் செய்தவை. விறைத்த விளிம்புள்ள புதுக் கூம்பை அதில் மாட்டினால் கூம்பின் வில்லும் காற்றின் வில்லும் சேர்ந்து இழுக்கும், அடிநாதம் வற்றிவிடும். அது பிரமாதமாக ‘அடிக்கும்’ என்பது மட்டும் நிஜம். மாமா கேட்ட பெட்டியாக இராது. பழைய கோயிலைப் புதுப்பிக்கிறேன் என்று கருங்கல்லின் மேல் பளபளவென்று ஓடு பதிக்கிறார்களே, அந்தத் திருப்பணியோடு சேர்ந்ததுதான் இதுவும் என்பது என் அபிப்பிராயம். வேறொரு சிறிய கடையில் சரியான அளவில் நுரை வளையம் கிடைத்தது.

பழைய நுரையைச் சுரண்டி எடுப்பதற்கே ஒரு பகல் முழுதும் ஆயிற்று. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்து, மழுங்கிய கத்தியால் வழித்து, மறுபடி துடைத்து, இப்படியே போயிற்று. அவசரப்பட்டால் காகிதம் உரிந்துகொண்டு வந்துவிடும். நான் அவசரப்படவில்லை. ஆனாலும் விதி வேறு ரூபத்தில் வந்தது. கூம்பைச் சட்டத்தோடு கழற்றும்போது திருப்புளியைக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். காந்தம் ‘வா’ என்று கூப்பிட்டது. திருப்புளி என் கையிலிருந்து பாய்ந்து போய்க் கூம்பில் அரை அங்குலம் கிழித்துவிட்டது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் காந்தப் புலத்தைப் பற்றிப் போதிக்கிற என்னைக் காந்தம் இவ்வாறு சோதித்துப் பார்த்தது. தேயிலைப் பையின் காகிதத்தை வெட்டி, பசையை நீர்க்கக் கரைத்து, இரு புறமும் ஒட்டினேன். மெலிந்த காகிதம், கனமில்லை. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கையாளுகிற உபாயந்தான்.

அடுத்தது மிக நுட்பமான கட்டம். கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் மயிரிழை இடைவெளியோடு நடுவில் நிற்க வேண்டும். புது வளையத்தைக் கோணலாக ஒட்டிவிட்டால் சுருள் பக்கத்தில் உராய்ந்து கரகரக்கும். ஆகவே கூம்பின் நடுவிலுள்ள மூடியை அறுத்தெடுத்து, சுருளைச் சுற்றி நாலு புறமும் மெல்லிய தகடு செருகி நடுவில் நிறுத்திக்கொண்டு ஒட்ட வேண்டும். எந்தத் தகட்டைச் செருகுவது? அத்தை பரணிலிருந்து தம்முடைய முழங்கால் எக்ஸ்ரே படத்தை எடுத்துக் கொடுத்தார். "டாக்டர் பார்த்தாயிற்று, இனி எதற்கு?" என்றார். அத்தையின் முழங்கால் நாலு துண்டாகிச் சுருளைத் தாங்கிற்று. முதலில் வளையத்தைக் கூம்போடு ஒட்டிக் காயவிட்டேன். பிறகு சட்டத்தோடு ஒட்டி ஒரு நாள் முழுதும் தொடாமல் வைத்தேன். மறுநாள் எக்ஸ்ரேயை உருவிவிட்டு, வினாடிக்கு 30 அதிர்வுள்ள ஒலியை மெதுவாகக் கொடுத்துக் காதை வைத்துப் பார்த்தேன். கரகரப்பு இல்லை. கூம்பு சுவாசம் விடுவதுபோல் போய்ப் போய் வந்தது. மூடியை மறுபடி ஒட்டினேன்.

பெட்டிக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தது. அதைத் தொடுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நான் முதலில் போட்டுக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன். பஞ்சுக்குப் பின்னால், ஒலியைப் பிரித்துச் சின்னதற்கும் பெரியதற்கும் அனுப்புகிற கிராஸ்ஓவர் பலகையில் ஒரு கண்டென்ஸர் இருந்தது. அதன் மேல் 10 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது. அளந்தால் 14 காட்டியது. ஐம்பது வருஷத்தில் உள்ளே இருக்கிற ரசாயனம் உலர்ந்து கெட்டுப்போகிறது. புதிதாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் படலக் கண்டென்ஸர் என் ஆயுளுக்கும் என் பிள்ளை ஆயுளுக்கும் கெடாது. ஆனால் அதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பழையதற்கு இயற்கையாகவே சிறிது மின்தடை இருந்தது. பெட்டி செய்தவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ட்வீட்டரின் குரலை அமைத்திருப்பார்கள். புதியதில் அந்தத் தடை அநேகமாக இல்லை. மாட்டினால் கீச்சொலி தூக்கலாகக் கேட்கும். எனவே அதனோடு அரை ஓம் தடை ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தேன். ‘ஒலி பளிச்சென்று ஆகிவிட்டது’ என்று சிலர் மகிழ்ந்து போவதற்குக் காரணம் பல சமயங்களில் இந்த அரை ஓம்தான்.

குமிழ்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ட்வீட்டரைக் கூட்டவும் குறைக்கவும் பின்புறத்தில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பெட்டியில் ட்வீட்டர் அடியோடு ஊமையாக இருந்ததற்கு அந்தக் குமிழே காரணம். உள்ளே உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. மாற்றக் கூடிய சாமானைப் பெட்டிக்கு வெளியே வைக்காமல், பஞ்சுக்கும் ஆணிக்கும் பின்னால் ஒளித்து வைத்த மகானுபாவரை நினைத்துக்கொண்டே, மெல்லிய உப்புத் தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ட்வீட்டர் பேசிற்று.

கடைசியாக, கூம்பைச் சட்டத்தோடு திரும்ப மாட்டி, இடைவெளியில் புதுப் பட்டை வைத்து முடுக்கினேன். இந்த வகைப் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சுலபம். ஊஃபர் கூம்பை விரல்களால் சமமாக உள்ளே அழுத்திவிட்டு விட வேண்டும். ‘டக்’கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. சாவதானமாக, மனமில்லாமல் திரும்பி வந்தால் பெட்டி நன்றாக அடைபட்டிருக்கிறதென்று அர்த்தம். இரண்டும் மனமில்லாமலே திரும்பின. காயலான் கடைக்காரர் அன்று சாயங்காலம் மறுபடி வந்து ஐந்நூறு வரையில் ஏறினார்.

சரி, பெட்டி பாடத் தயார். கேட்பவர் தயாரா என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அத்தை நன்றாகப் பாடுகிறவர். கச்சேரிப் பாட்டல்ல, கூடத்துப் பாட்டு. ஆனால் காது மந்தமான பிறகு சங்கீதம் கேட்பதையே நிறுத்திவிட்டார். "கருவி வைத்தால் பேச்சுக் கேட்கிறது. பாட்டு தகர டப்பாவில் தட்டினதுபோல் கேட்கிறது" என்று சொல்வார்.

முதுமையில் வருகிற செவிட்டுத்தன்மை விசித்திரமானது. கீச்சொலிகள் முதலில் மறையும். அடிநாதம் பெரும்பாலும் தங்கியிருக்கும். மெதுவாகப் பேசினால் கேட்பதில்லை. உரக்கப் பேசினால் காது வலிக்கிறது. இரண்டுக்கும் நடுவே இடம் குறுகிவிடுகிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவாகப் பெருக்குகிற கருவியால் இதற்குப் பிரயோஜனமில்லை. மெல்லிய ஒலியை நிறையவும், உரத்த ஒலியைக் கொஞ்சமாகவும், அதிலும் கனத்த ஒலிக்கு வேறு கணக்கு, கீச்சொலிக்கு வேறு கணக்கு என்று பிரித்துப் பெருக்க வேண்டும். இப்படிச் செய்யலாம் என்று ஆராய்ந்து 1973-ல் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? அதே எட்கர் வில்ச்சர். கம்பெனியை 1967-ல் விற்றுவிட்டு, செவிக் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார் அவர். இந்தத் தடவை பேடண்டுக்கே விண்ணப்பம் போடவில்லை; யார் வேண்டுமானாலும் உபயோகிக்கட்டும் என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். பின்னால் வந்த செவிக் கருவிகள் இந்த முறையைக் கைக்கொண்டன. 2011-ல், தமது 94-வது வயதில் காலமானார். அத்தை காதுக்குப் பின்னால் இருக்கிற கருவியும் இந்த முறையில் வேலை செய்கிறதுதான். கூடத்திலிருந்த பெட்டியிலும் அத்தை காதிலும் ஒரே மனிதருடைய யோசனை குடியிருந்தது என்பதை அத்தையிடம் சொன்னேன். "அப்படியா? அவருக்காவது மிக்ஸி செய்யத் தோன்றியதா?" என்று கேட்டார்.

கருவியின் கணக்கெல்லாம் பேச்சைக் கருதிப் போட்டவை. சங்கீதத்துக்கு அவ்வளவு ஒத்து வருவதில்லை. கருவி கொடுத்த செவி வைத்தியரிடம் கேட்டால், அழுத்தத்தைக் குறைத்துச் சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு முறை வைத்துக் கொடுப்பார். வீட்டில் வயதானவர்கள் இருக்கிற வாசகர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. அத்தைக்கும் தெரியாது. மறுநாள் காலையில் போய் அதையும் வைத்துக்கொண்டு வந்தோம்.

மாமா 1978-ல் ஸ்பூல் நாடாவில் பதிவு செய்த ஒரு சாயங்காலம் உண்டு. இதே கூடத்தில் அத்தை தம்பூராவை வைத்துக்கொண்டு தோடி பாடியது. அந்த இயந்திரம் என்றோ இறந்துவிட்டது. நல்ல வேளையாக அத்தையின் பெண், நாடாவை வேறு தட்டில் பெயர்த்து வைத்திருந்தாள். என்னுடைய சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து கம்பிகளை முடுக்கி, அத்தையை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு, தட்டைப் போட்டேன்.

முப்பத்திரண்டு வயது அத்தையின் குரல் கூடத்தில் கிளம்பிற்று. எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. இடதும் வலதும் பேசின, ட்வீட்டர்கள் பேசின, உராய்வில்லை, கரகரப்பில்லை. பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததென்று அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அத்தை முகத்தைச் சுளித்தார். காதிலிருந்து கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போய் இடது பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வலது பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பினார்.

"தம்பூரா எங்கே?" என்றார்.

"கேட்கிறதே, அத்தை" என்று உரக்கச் சொன்னேன்.

"கேட்கவில்லை. பெட்டி இரண்டும் நடுங்குகிறது. இங்கே வந்து உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. குரலும் நடுவில் வரவில்லை. அந்தக் காலத்தில் கடிகாரத்துக்குக் கீழே, சுவர் நடுவிலிருந்து வரும். இப்போது எங்கேயோ ஓடிப்போய் நிற்கிறது. மாமா என்னை இதே நாற்காலியில் உட்காரச் சொல்லி, குரல் எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று உயிரை வாங்குவார். கடிகாரத்துக்கு வந்தால்தான் விடுவார்."

எனக்குச் சட்டென்று விளங்கிற்று. பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வலது பெட்டியின் கம்பிகளில் சிவப்பு வெளுத்துப் போய்க் கறுப்போடு கலந்திருந்தது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். இடது கூம்பு காற்றை முன்னே தள்ளும்போது வலது கூம்பு பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. இது தருவதை அது பிடுங்கிக்கொள்கிறது. கனத்த நாதம் வழியிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. குரலுக்கும் நடு என்று ஓர் இடம் இல்லாமல் போய்விடுகிறது. பத்தாவது வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கருவியைக் கழற்றி வைத்திருந்த அத்தைக்குத் தெரிந்தது. கையில் மீட்டர் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

கம்பிகளை மாற்றிவிட்டு மறுபடி போட்டேன். சுருதி தரையோடு எழும்பி வந்தது. அத்தை கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணைக் கடிகாரத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டின் நடுவே, குரலுக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில், யாரோ இரண்டு முறை இருமினார்கள்.

"பார்த்தாயா? டாக்டரிடம் போங்கள், போங்கள் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன்" என்றார் அத்தை, கடிகாரத்தைப் பார்த்தபடியே.

பாட்டு முடிகிற வரையில் அப்புறம் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"புது வீட்டுக் கூடத்துச் சுவர் எத்தனை அடி இருக்கும்? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஏழடி வேண்டும் என்பார் மாமா. நீ நாளைக் காலையில் ஊருக்குப் போகிறதற்கு முன்னால் போய் அளந்துகொண்டு வந்துவிடு. கடிகாரத்துக்கும் ஆணி அடிக்க வேண்டும்."